பொலிகாளையைப் பின்னாலிருந்து பாருங்கள்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை வாங்குவோர் பலர் கொம்பையும் திமிலையும் கண்டே விலை பேசி விடுகின்றனர். பொலிக்கு வாங்குவதானால் அது போதாது. பசு மலடானால் ஒரு கன்றுதான் நட்டம். காளை மலடானால் ஊர்ப் பசுக்கள் பலவும் சினையின்றி நிற்கும்.

முதலில் காளையை நடக்க விட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். பசுவின் மேல் தாவும்போது உடற்பாரம் பின்கால்களில்தான் இறங்குகிறது. முட்டி உரசினாலோ, நடை நொண்டினாலோ, எவ்வளவு அழகான காளையாயினும் வேண்டாம்.

அடுத்து, உடையவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, விதைகளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், இறுக்கமாக, பைக்குள் தாராளமாக அசைய வேண்டும். ஒன்று சிறுத்திருந்தாலும், கல்லாகவோ கூழாகவோ இருந்தாலும் விட்டு விடுங்கள். நல்ல பருமனான விதையுள்ள காளைக்குப் பிறக்கும் கிடேரிகள் சீக்கிரம் பருவத்துக்கு வருவதும் உண்டு. இதைச் சந்தையில் யாரும் சொல்வதில்லை!

மயிலைக் காளையின் திமிலிலும் கழுத்திலும் படரும் கருமை ஆண்மையின் அடையாளம். காயடித்தால் அது வெளிறி விடும்.

அண்மையில் கோமாரி கண்டதா என்றும் கேளுங்கள். விந்து உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆவதால், கடுங்காய்ச்சலின் கெடுதல் அதுவரை நீடிக்கலாம். கருச்சிதைவு நோய்க்குக் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்த பின்பே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

மூன்றாண்டில் அதன் கிடேரிகளே பருவத்துக்கு வந்து விடும். அதற்குள் வேற்றூர்க் காளையோடு மாற்றிக் கொள்ளுங்கள்.