தண்டுவடக் காயமும் தோட்டத் தொழிலாளரும்

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை, பூப்பாறைப் பகுதி ஏலத்தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் பலர் உழைக்கின்றனர். தேனிப் பக்கமிருந்து நாள்தோறும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி வருவோரும் உண்டு. அம்மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்திலோ நிழல்மரக் கவாத்துக்கும் மிளகு பறிக்கவும் உயரம் ஏறியாக வேண்டும். ஜீப் கவிழ்ந்தாலும், மரத்திலிருந்து விழுந்தாலும், வெட்டிய கிளை மேலே சாய்ந்தாலும் முதலில் அஞ்ச வேண்டியது முதுகெலும்புக்கே.

தண்டுவடம் என்பது யாது?

மூளையிலிருந்து முதுகெலும்பினுள் இறங்கும் நரம்புத் தொகுதியே தண்டுவடம். இதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. கழுத்தில் அடிபட்டால் கைகால் நான்கும், முதுகில் அடிபட்டால் கால்களும் செயலிழக்கலாம்; சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகலாம். முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவடத்தை முன்போலாக்கும் மருத்துவம் இன்றும் இல்லை.

விபத்து நடந்தவுடன்

எலும்பு மட்டும் முறிந்தவருக்கு, தவறாகத் தூக்குவதாலேயே தண்டுவடமும் கெடுவதுண்டு. ஆகவே:

1. எழுப்பி உட்கார வைக்காதீர்கள். போர்வையில் தூளிபோல் தூக்காதீர்கள்.

2. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மூவர் உடலை ஒரே கட்டைபோல் புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும்.

3. 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

பிறகு

உணர்வற்ற உடலில் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிருக்கே கேடு. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

வாழ்வு அத்தோடு முடிந்ததென்று எண்ண வேண்டாம். கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் உருவாயிற்று. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1975-இல் முதுகுத்தண்டு காயமுற்ற எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் மறுவாழ்வுப் பணி செய்கிறது.

வருமுன் காக்க

மழையில் பாசி படிந்த மரத்தில் ஏறலாகாது. இடுப்புப் பட்டையும் கயிறுமின்றிக் கவாத்து வேண்டாம். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்பில் ஏறாதீர்கள்.

வேலையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்பது 1923 முதலே இந்தியச் சட்டம். அதைப் பெறச் சான்று வேண்டும். செக்ரோலில் பெயரும், மருத்துவமனைச் சீட்டில் விபத்து வேலையிடத்தில் நடந்தது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரிலுள்ள உறவினரோடு பேசும்போது இவற்றையும் சொல்லுங்கள். தூக்கும் முறை தெரிந்த நால்வர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கட்டும்.