கைக்கோலாற் செல்லும் விரைவு வண்டி

திருக்கோணமலைத் துறைமுகத்துட் பெருங்கப்பலொன்று புகும்போது, அதன் சுக்கானைத் திருப்புவது மாலுமியின் தோள்வலி அன்று. அவன் குறிப்பு மட்டுமே காட்டுகின்றான். பளுவான வேலையைப் பொறி செய்கின்றது. இதனை மனத்திற் கொண்டால், கைகால் வலியிழந்தோர் மோட்டார் வண்டி செலுத்துமாறு எங்ஙனம் என்பது எளிதில் விளங்கும்.

ஜாய்ஸ்டிக் எனும் கைக்கோல் இக்குறிப்பைக் காட்டும் கருவியாகும். அதனை இடம் வலமாகச் சாய்த்தால் வண்டி திரும்பும். முன் பின்னாக அசைத்தால் விரைவு கூடும் அல்லது பிறேக் பிடிக்கும். கோலின் அசைவு மின்குறிப்பாக மாறிக் கணினியை அடைய, கணினியின் ஏவலால் மின்மோட்டார்கள் இயங்குகின்றன.

விரைவு வண்டியில் இதனை அமைத்தல் எளிதன்று. சாதாரணச் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப ஏறத்தாழ மூன்று சுற்று வேண்டும். கைக்கோலுக்கோ சில அங்குல அசைவே உண்டு. ஆதலின் விரைவு கூடுந்தோறும் அதே அசைவுக்கு வண்டி குறைவாகத் திரும்புமாறு கணினியை அமைத்தல் வேண்டும்.

மற்றோர் இடரும் உண்டு. 40 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்வோரின் கை, ஏறத்தாழத் தன் நிறைக்குச் சமமான விசையுடன் வெளிப்புறம் இழுபடும். அவர் எண்ணாமலே கோல் அசைந்துவிடலாம். எனவே முழங்கைக்கு உறுதியான தாங்கி இன்றியமையாதது.

குறிப்பு இடையில் அறுந்தால் உயிருக்கே இறுதியாகும். ஆதலால் ஜேர்மனி நாட்டுப் பரவான் நிறுவனத்தின் அமைப்பில் முக்கிய பகுதிகள் மும்மடங்காக வைக்கப்பட்டுள்ளன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று தொழிற்படும். சக்கரங்களோடு பொறிமுறைத் தொடுப்பின்றி இயங்கும் இவ்வமைப்பு 2019 முதல் பந்தய வண்டிகளிலும் சோதிக்கப்பட்டது.

கைகளே அசையாதவர் என் செய்வர்? அமெரிக்கப் பந்தய வீரர் சாம் ஷ்மித் 2000ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தாற் கழுத்தின் கீழ் இயக்கம் இழந்தார். 2014இல் இண்டியானாபொலிஸ் ஓடுதளத்தில் கோர்வெட் வண்டியைத் தலையசைவாலே திருப்பிச் செலுத்தினார்; பல்லாற் கடித்துப் பிறேக் பிடித்தார். 2016இல் நெவாடா மாநிலம் அவருக்கு நிபந்தனைகளுடன் கூடிய அனுமதிப்பத்திரம் வழங்கியது. பார்வையும் நிதானமும் உள்ளவர், உடல்வலியைப் பொறியிடம் இரவல் பெறலாம் என்பதற்கு இது சான்று.

இத்தகைய விலையுயர்ந்த வண்டிகள் எமக்கு எட்டாதன எனலாம். ஆயினும் 2009இல் முடிவுற்ற போரில் உறுப்பிழந்தோர் நம் மாவட்டத்திலும் உளர். தொழிலிலும் கல்வியிலும் அன்னாரை வேறுபடுத்தலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. தொழிலிடத்துக்குச் செல்ல வழியில்லையேல் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். கையால் இயக்கும் பிறேக்கும் விரைவுப்பிடியும் பொருத்துதற்குக் கணினி வேண்டியதில்லை. பொறியியல் கற்ற எம் பழைய மாணவர்கள், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியுடன், அங்கிருந்தே தொடங்குவாராக.