பழைய ராணுவத் துப்பாக்கி ஒரு முதலீடா? 'நம்பர் மேட்சிங்' சொல்லித் தரும் பாடம்



ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட வந்த தம்பிக்கு அதுதான் சொந்த ஊர், சென்னையில ஐ.டி. வேலை. சாத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வீடியோவைக் காட்டினான். வெளிநாட்டுல ஒருத்தர் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்து வெச்சிருக்கார், வருஷா வருஷம் விலை ஏறுதாம்.

"அண்ணே, எஸ்.ஐ.பி.க்குப் பதிலா இதுல 2 லட்சம் போட்டா என்ன? ஒருத்தர் ஆர்மி ஏலத்துல எடுத்ததுன்னு ஆன்லைன்ல விக்கிறார். 20,000 அட்வான்ஸ் கேட்கிறார்."

"முதல்ல அட்வான்ஸ் அனுப்பாதே. மிச்சத்தை பஸ்ல பேசுவோம்"னு சொன்னேன். அந்தப் பேச்சுதான் இந்தப் பதிவு. உங்களுக்குத் துப்பாக்கியில ஆர்வம் இல்லைன்னாலும் படிங்க. எந்தப் பழைய பொருளை முதலீடுன்னு யார் விற்க வந்தாலும் இதே கேள்விகள்தான்.

எந்தத் துப்பாக்கி?

பழைய படத்துல போலீஸ் கையில பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' ஞாபகம் இருக்கா? அதன் பெயர் லீ-என்ஃபீல்டு. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துல இருக்கிற கைப்பிடியைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளணும். அந்த நகரும் இரும்புத் துண்டுதான் போல்ட். அதனால இது 'போல்ட் ஆக்‌ஷன்' ரகம். இதன் பிரபலமான மாடல் 1907-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. கல்கத்தா பக்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியிலும் தயாரானது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே இஷாப்பூர், 7.62 மி.மீ. குண்டு போடும் வகையையும் செய்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் இதற்கு விடை கொடுத்தது.

நம்பர் மேட்சிங்னா என்ன?

தொழிற்சாலையில துப்பாக்கியைப் பொருத்தும்போது உடல் பகுதியில் (ரிசீவர்) ஒரு சீரியல் நம்பர் அடிப்பார்கள். அதே நம்பரைக் குழலிலும் போல்ட் கைப்பிடியிலும் அடிப்பார்கள். பல துப்பாக்கிகளில் முன்பக்க மூக்கு மூடியிலும், அடிக்கட்டையிலும், குறிபார்க்கும் தகட்டிலும்கூட அதே நம்பர் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால் 'ஆல் மேட்சிங்'. பிறந்தது முதல் அந்தப் பாகங்கள் பிரியவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இதில் பாதுகாப்பும் இருக்கு. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்ப சரி செய்யப்பட்டது. வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டினால் அந்த அளவு தப்பலாம்.

விலை ஏன் ஏறுது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவை மலிவாகக் குவிந்தன. அமெரிக்காவில் தபாலிலேயே வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் வேட்டைக்கு வசதியாகக் கட்டையை அறுத்து, குழலைக் குட்டையாக்கி, பாலிஷ் போட்டார்கள். அன்றைக்கு அது 'அப்கிரேடு'. இன்றைக்கோ கை வைக்காதது அரிதாகிவிட்டதால், அதற்குத்தான் விலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார்.

விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும். பழைய நம்பரை அரைத்து எடுத்துவிட்டுப் புது நம்பர் அடிக்கிற ஆட்கள் உண்டு. அதனால அனுபவசாலிகள் நம்பரை மட்டும் பார்ப்பதில்லை; எழுத்தின் வடிவம், ஆழம், சுற்றியுள்ள இரும்பில் தேய்த்த தடம் எல்லாத்தையும் பார்ப்பார்கள்.

சரி, நம்ம ஊர்ல வாங்க முடியுமா?

இங்கேதான் மேட்டரே. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது சிறைக்குப் போகிற குற்றம். 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டியது. லைசென்ஸ் உள்ளவரே வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை 3-லிருந்து 2-ஆகக் குறைத்தது. அதிலும் 303 என்பது 'தடை செய்யப்பட்ட போர்' வகை. சாதாரண லைசென்ஸ் மாதிரி கலெக்டர் ஆபீஸோட முடியாது. மத்திய உள்துறை வரைக்கும் போகணும். பொழுதுபோக்குக்குச் சேர்க்கிறேன்னு சொன்னால் கிடைக்கிற விஷயம் இல்லை.

"ஆனா பழங்காலப் பொருளுக்கு விலக்கு இருக்காமே?" என்றான் தம்பி. இருக்கு. 45-வது பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் யாருக்கு?  ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது சுடக்கூடிய நிலையில் இருக்கக் கூடாது.

இப்போ முரண் புரியுதா? ஒரிஜினல் போல்ட், ஒரிஜினல் குழல், எல்லாம் வேலை செய்யும் நிலை. வெளிநாட்டில் விலை ஏற்றுவது இதுதான். இங்கே விலக்கு கிடைக்காமல் செய்வதும் இதேதான். விலக்குக்காகக் குழலை அடைத்து, போல்ட்டை அறுத்தால் சேகரிப்பு மதிப்பு போச்சு. வெளிநாட்டில் விற்கலாமா? 100 வயதைத் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனி ஆள் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் விடாது. அதற்கும் குறைந்த வயது என்றாலும் ஆயுத ஏற்றுமதிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். லைசென்ஸ் இல்லாத குடோனில் 10 லட்சம் ரூபாய் பட்டாசு இருக்கு. அது சொத்தா, கேஸா? சரக்கு அதே சரக்குதான். காகிதம் இல்லாததால் அதன் மதிப்பு பூஜ்யம் இல்லை, மைனஸ்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சட்டச் சிக்கலே இல்லாத ஒரு பழைய பொருள் என்றே வைத்துக்கொள்வோம். 1 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். அதே பணம் 7% வட்டியில் 10 வருடத்தில் சுமார் 1.97 லட்சம் ஆகும். பழைய பொருளை விற்கும்போது இடைத்தரகர் 20% எடுத்தால், அதே 1.97 லட்சம் கையில் வர 2.46 லட்சத்துக்கு விற்கணும். பராமரிப்புச் செலவு இதில் சேரவில்லை. வாங்க ஆள் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மியூச்சுவல் ஃபண்டை ரெண்டு மூணு நாளில் பணமாக்கலாம். சேகரிப்புப் பொருளுக்கு சரியான ஆள் வர வருஷம் ஆகலாம்.

வீட்டில் தாத்தா துப்பாக்கி இருந்தால்?

சில வீடுகளில் தாத்தா பெயரில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும். அவர் இறந்ததும் லைசென்ஸ் பேரனுக்குத் தானாக வராது. பரணில் போட்டு வைக்காதீர்கள். தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது முறைப்படி விற்கலாம். உணர்வுபூர்வமான பொருள்தான், ஆனால் ஒரு போலீஸ் கேஸ் உங்கள் பாஸ்போர்ட்டையும் வேலையையும் சேர்த்துப் பிடிக்கும்.

ஆசை இருந்தால் எங்கே காட்டலாம்?

ஒரு சுவாரசியம்: இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து வந்ததுதான் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர். 1955 முதல் சென்னையில் புல்லட் தயாரானது. அதே 'நம்பர் மேட்சிங்' பாடம் பழைய புல்லட்டுக்கு அப்படியே பொருந்தும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஆர்.சி. புக் மூன்றும் ஒத்துப்போகணும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். சேசிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது கிடைக்காது. வழக்கமாக ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது.

எதை வாங்கும் முன்பும் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இது ஒரிஜினல்தானா? கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியுமா?
2. என் பெயரில் சட்டப்படி வைத்திருக்கக் காகிதம் உண்டா?
3. நாளைக்கே விற்கணும்னா சட்டப்படி யாருக்கு விற்பேன்?

மூன்றுக்கும் பதில் இருந்தால், அதுவும் ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும் இன்ஷூரன்ஸும் போட்ட பிறகு, மொத்தச் சேமிப்பில் 5%-க்குள் வாங்குங்கள். இது என் தனிப்பட்ட அளவுகோல். ரெண்டாவது கேள்விக்கே பதில் இல்லையென்றால், அது முதலீடு இல்லை.

தம்பி அட்வான்ஸ் அனுப்பவில்லை. அந்த 20,000 அவசர நிதிக்குப் போச்சு. பழைய ஆயுதங்களைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு, டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கோன்னு சொல்லியிருக்கேன்.

இதன் வீடியோ நம்ம சேனலில் இருக்கு. பழைய பொருள் வாங்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தும் நண்பருக்கு இதை ஷேர் பண்ணுங்க.