மறைத்து வைத்தால் பூட்டியதாகுமா?

லெஜர் புத்தகத்தில் கடன் கணக்கு எழுதிய காலத்தில் ஒரு வசதி இருந்தது. யாராவது ஓர் இலக்கத்தை மாற்றினால் அழித்த அடையாளம் தாளில் தெரியும். கையெழுத்து ஆளைக் காட்டிக் கொடுக்கும். கணனி அட்டவணையில் அந்த அடையாளம் தானாக விழுவதில்லை. இதை நான் மனவருத்தப்பட்டே கற்றுக் கொண்டேன்.

எனது ஹாட்வெயார் கடையின் கடன் கணக்குகள் மைக்ரோசொப்ட் அக்சஸ் தரவுத்தளத்தில் இருந்தன. சில வருடங்களுக்கு முன் மேசன் பாஸ் ஒருவர் பாக்கியைக் கட்ட வந்தார். கணனி 46,500 ரூபா என்று காட்டியது. அவரோ பில்களை எடுத்து வைத்து, "முதலாளி, நான் தர வேண்டியது 86,500" என்றார். அவருடைய நேர்மையால் எனது காசு தப்பியது. ஆனால் 8 எப்படி 4 ஆனது? கைத்தவறா, வேண்டுமென்று செய்ததா? நான்கு ஊழியர்களும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தார்கள். யாரையும் கேட்க முடியவில்லை. நால்வரையும் சந்தேகத்தோடு பார்த்தேன். அவர்களில் மூவராவது குற்றமற்றவர்கள். அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இத்தனைக்கும் நான் அட்டவணைகளை மறைத்தே வைத்திருந்தேன். கணனித் தொழில் செய்யும் என் மருமகன் வந்து, ஷிப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தார். எல்லா அட்டவணைகளும் திரையில் வந்து நின்றன. "மாமா, நீங்க சீலைதான் தொங்கப் போட்டிருக்கீங்க, பூட்டுப் போடல்ல" என்றார். அன்று அவர் சொல்லித் தந்ததை வியாபாரச் சகோதரர்களுக்குத் தருகிறேன்.

முதலாவது, ஊழியர் அட்டவணையை நேரடியாகத் தொடக்கூடாது. பில் போடவும் பணம் வரவு வைக்கவும் தனித்தனிப் படிவங்கள் இருக்க வேண்டும். ஷிப்ட் விசை வழியையும் அடைக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்தவர் அதைத் திரும்பத் திறந்து விடுவார்.

இரண்டாவது, தரவுத்தளத்தை இரண்டாகப் பிரியுங்கள். அட்டவணைகள் ஒரு கோப்பிலும் படிவங்கள் இன்னொரு கோப்பிலும் இருக்கட்டும். அட்டவணைக் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டால் அது சங்கேதமாக்கப்படும். கோப்பைத் திருடிச் செல்லும் வெளியாளுக்கு அது பூட்டுத்தான். ஆனால் படிவக் கோப்பு அட்டவணையோடு இணையும்போது அந்தக் கடவுச்சொல் அதற்குள்ளேயே பதிந்து விடுகிறது. தேடத் தெரிந்த ஊழியர் எடுத்துக் கொள்வார்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் உரிமை கொடுக்க வேண்டும். பழைய அக்சஸ் கோப்புகளில் இந்த வசதி இருந்தது. 2007 பதிப்போடு வந்த புதிய கோப்பு வகையில் அது இல்லை. ஆகவே பல ஊழியர்கள் உள்ள கடை, அட்டவணைகளை எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் அல்லது மை எஸ்.கியூ.எல். போன்ற சேர்வருக்கு மாற்றுவதே நல்லது. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அக்சஸ் படிவங்களையும் அவற்றோடு இணைக்கலாம்.

அங்கே பார்த்தல், சேர்த்தல், மாற்றுதல், அழித்தல் என நான்கு உரிமைகள் தனித்தனியே உண்டு. விற்பனையாளருக்கு விற்கும் விலை தெரிந்தால் போதும். கொள்விலையும் வாடிக்கையாளர் பட்டியலும் தேவையில்லை. காசாளர் புதிய பதிவைச் சேர்க்கலாம். பழையதை மாற்றவோ அழிக்கவோ முடியாது. பிழை வந்தால் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தட்டும். லெஜரில் நாம் செய்ததும் அதுதானே? அதோடு, யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தனி அட்டவணையில் தானாகப் பதியும்படி செய்து கொள்ளுங்கள்.

அதிகாரமின்றிக் கணனித் தகவலைத் தொடுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். ஆனால் நால்வருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் யார் மீது முறைப்பாடு செய்வீர்கள்?

இன்று கடை மூடுமுன் ஷிப்ட் விசையை அழுத்தியபடி உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். அட்டவணைகள் தெரிந்தால் உங்களிடமும் சீலைதான் இருக்கிறது. பூட்டு, முதலாளியின் காசைக் காப்பதோடு நேர்மையான ஊழியரின் பெயரையும் காக்கும்.