வெட்டிவேரும் அதன் நறுநெய்யும்

சென்ற கோடை விடுமுறையில், கத்திரி வெயில் கடுகிய நாளொன்றில், யாமும் மாணவர் சிலரும் திருவதிகை காணச் சென்றிருந்தோம். பண்ருட்டியை அடுத்துக் கெடில நதிக்கரையில் அமைந்த இப்பழம்பதி அட்டவீரட்டங்களுள் ஒன்று. திருநாவுக்கரசர் தம் வாழ்வை வருத்திய சூலைநோய் நீங்கப்பெற்ற தலம் இதுவேயாதலின், தமிழறிந்தார் எவரும் இவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் நோயையும் நோய் தீர்தலையும் ஒருங்கே நினைப்பர். அன்றைய நாளில் எமக்கும் அந்நினைவே வாய்த்தது. ஆயின் அது வந்த வழி வேறு.

தெருவோரக் கடையொன்றில் வெட்டிவேர் முடிச்சுக்களும், வேரால் முடைந்த விசிறிகளும் தொங்கின. அவற்றின் பக்கத்தில் சிறு புட்டிகளில் வெட்டிவேர் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது. புட்டியைச் சுற்றிய தாளில் வயிற்றுநோய் முதலாகப் பதினாறு நோய்களின் பெயர் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது. எம்முடன் வந்த மாணவர் ஒருவர் அதனைக் கையிலெடுத்து, “ஐயா, எங்கள் பாட்டியார் மூன்று திங்களாக வயிற்றுவலியால் வருந்துகின்றார். பத்துத் துளியை நீரிற் கலந்து பருகுமாறு இதில் எழுதியிருக்கின்றது. வெட்டிவேர் நீர் நாம் எல்லோரும் குடிப்பதுதானே, வாங்கிச் செல்லலாமா?” என்று வினவினார். வினா சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று. அவருக்குக் கூறியவற்றையே ஈண்டு ஒழுங்குபடுத்தி எழுதுகின்றோம்.

வெட்டிவேர் புல்லினத்தைச் சார்ந்தது. ஆளுயரம் வளரும் இதன் தாள் மணமற்றது. மணம் முழுதும் வேரிலேயே உறைகின்றது. ஏனைய புற்களின் வேர் பக்கங்களிற் பரவ, இதன் வேரோ நேர்கீழாக மூன்று நான்கு மீட்டர் ஆழம் வரை இறங்க வல்லது. வெட்டியெடுக்கப்படும் வேராதலின் வெட்டிவேர் எனப்பட்டது. வடநூலார் இதனை உசீரம் என்பர். வடநாட்டார் கஸ் என்பர். பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழியினரோ நம் சொல்லையே சிறிது திரித்து வெட்டிவர் என வழங்குகின்றனர். உலகெங்கும் நறுமணக் கடைகளில் ஒலிக்கும் தமிழ்ச்சொல் இஃதென்பதை மாணவர் அறிந்து மகிழ்தல் வேண்டும்.

திருவதிகையைத் தொட்டுச் செல்லும் கெடிலம் கடலூரை அடைந்து கடலொடு கலக்கின்றது. கடலூருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் இடையில், நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிரிடப்படுகின்றது. தென்னாட்டு வகை பெரும்பாலும் வித்தினாற் பெருகுவதன்று. தூரைப் பிரித்தே நடுவர். ஏறக்குறைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு சென்றபின் வேரை அகழ்வர். களிமண்ணில் வேர் அறுந்துபோகும்; மணலிலோ முழுமையாக வெளிவரும். கடற்கரை மணல் இப்பயிருக்கு ஏற்றதானது இக்காரணத்தினாலேயே.

இனி நம் முன்னோர் இதனைப் பயன்படுத்திய வகையை நோக்குவாம். மண்பானை நீரில் வேர் முடிச்சை இட்டுப் பருகினர். கோடையில் வாயில்களிலும் பலகணிகளிலும் வேர்த்தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளித்தனர். வேரை உலர்த்தி இடித்து நலங்கு மாவிற் சேர்த்தனர். நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ ஊறவைத்துத் தலைக்குத் தேய்த்தனர். துணிப்பெட்டியில் இட்டுப் பூச்சிகளைத் தடுத்தனர். சித்த மருத்துவர் இதனைக் குளிர்ச்சி உண்டாக்கும் பொருள்களுள் வைத்து எண்ணினர். ஆயுர்வேத நூலார் கோரைக்கிழங்கு, பற்பாடகம், சந்தனம், சுக்கு முதலியவற்றோடு இதனையும் கூட்டிக் காய்ச்சிய ‘ஷடங்க பானீயம்’ என்னும் நீரைச் சுரநோயாளிகளின் விடாய் தணியக் கொடுத்தனர். இவை யாவற்றிலும் வழங்கியது வேரே. வடித்த எண்ணெய் அன்று என்பதனைக் கருத்திற் கொள்க.

வெட்டிவேர் குளிர்ச்சி தரும் என்னும் கூற்றில் வேரின் செயல் எவ்வளவு, நீரின் செயல் எவ்வளவு? ஒரு கிராம் நீர் கோடை வெம்மையில் ஆவியாதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைத் தட்டியின் ஊடே வரும் காற்றினின்றும் நீர் கவர்ந்து கொள்ளுதலாற் காற்றுக் குளிர்கின்றது. மண்பானையின் நுண்டுளைகளிற் கசியும் நீரும் அவ்வாறே ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கின்றது. ஆதலின் குளிர்ச்சி நீரின் கொடை. மணமும் அதனால் உளதாகும் இனிமையும் வேரின் கொடை. உலர்ந்த காற்று வீசும் உள்நாட்டில் தட்டி நன்கு பயன்படுதலும், ஈரக்காற்று மிக்க கடலூர்க் கரையில் அத்துணைப் பயன்படாமையும் இவ்வுண்மைக்குச் சான்று. மேலும், வேர் இடப்பட்ட நீர் மணக்குமேயன்றி நோய்க்கிருமி நீங்கியதாகிவிடாது. காய்ச்சி ஆறவைத்த நீரில் கழுவிய வேரை இடுதலும், அவ்வேரை அடிக்கடி எடுத்து வெயிலில் உலர்த்துதலும் வேண்டும்.

எண்ணெயின் இயல்பு யாது? நல்லெண்ணெய் செக்கிலிட்டு ஆட்டிப் பெறப்படுவது. வெட்டிவேரின் நறுநெய் வாலையிலிட்டு வடித்துப் பெறப்படுவது. வேரை நறுக்கி ஊறவைத்துக் கலத்திலிட்டு நீராவியைச் செலுத்துவர். நீரும் இந்நெய்யும் ஒன்றிலொன்று கலவாதவை. அத்தகைய இரு பொருள்கள் ஒருங்கே வெம்மையுறுங்கால், இரண்டன் ஆவியழுத்தங்களும் கூடி வளிமண்டல அழுத்தத்தை எட்டியவுடன் சேர்ந்தே கொதிக்கின்றன. ஆகவே தனித்து நிற்பின் 250 பாகைக்கு மேற்பட்ட வெம்மையிற் கொதிக்கும் பொருள்களும் 100 பாகைக்கு உட்பட்டே நீராவியோடு ஏறி வருகின்றன. அவ்வாவியைக் குளிர்வித்தால் நீர் வேறாகவும் நெய் வேறாகவும் பிரியும். இந்நெய் எளிதில் எழாத கனத்த பொருளாதலின், வடித்தல் ஒரு பகலும் ஓர் இரவுமாக நீளுதலும் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் செப்புக்கலமும் மூங்கிற் குழாயும் கொண்டு வடிக்கும் பழைய முறை இன்றும் வழங்குகின்றது.

நூறு கிலோ உலர்ந்த வேரினின்றும் கிடைக்கும் நெய் பெரும்பாலும் ஒரு கிலோ அளவினதே. நிலத்திற்கும் வகைக்கும் ஏற்பச் சிறிது கூடும் அல்லது குறையும். நிறம் பழுப்பு, தேன்போல மெல்லென ஒழுகும். நிறுத்து ஆவியாகும் இயல்பினதாதலின், விரைந்து பறந்துபோகும் ஏனைய மணங்களையும் பற்றி நிறுத்த வல்லது. இக்காரணத்தால் உலகத்து நறுமணத் தொழிலார் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஹெயிட்டி, ஜாவா, ரீயூனியன் ஆகிய தீவுகள் இவ்வெண்ணெயாற் பெயர் பெற்றவை. துணிப்பெட்டியில் வேரிட்ட நம் பாட்டியரின் வழக்கமும் ஆராய்ச்சிக்கு இயைந்ததே: அமெரிக்காவின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்நெய் ஒருவகைக் கறையானை விலக்குதல் காட்டப்பட்டது. இதன் மணம் அச்சத்தைத் தணிக்கும் என்பதற்கு எலிகளிடத்துச் செய்த சோதனைகள் சில உள. எலிக்கு ஏற்றது மனிதருக்கும் ஏற்றதென்று அதனளவிலே துணிதல் முறையன்று.

இப்பொழுது மாணவரின் வினாவிற்கு வருவாம். ‘வேர்நீர் பருகுகின்றோம், எண்ணெயும் பருகலாம்’ என்பது பிழைபட்ட அனுமானம். நறுநெய் நீரில் கரைவதன்று. பானை நீரில் அதன் சுவடு மட்டுமே சேரும். ஒரு துளி நெய்யோ ஏறக்குறைய நான்கு கிராம் வேரிலுள்ள நெய் முழுதும் திரண்டது. பத்துத் துளியெனின் நாற்பது கிராம் வேரினது. அதனை ஒருங்கே நோயுற்ற வயிற்றில் இடுவதற்கு முன்னோர் வழக்கம் சான்றாகாது. இம்மயக்கத்திற்குத் ‘தைலம்’ என்னும் ஒரு சொல்லே பெருங்காரணம்: வேரை ஊறவைத்த நல்லெண்ணெயும் தைலம், வாலையில் வடித்த சாரமும் தைலம். பெயர் ஒன்றாயினும் வன்மை வேறு. வடித்த நெய்யை மருத்துவர் சொல்லின்றி உட்கொள்ளலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டவும் வைத்தலாகாது. உடலிற் பூசுவோர் ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளிக்கு மேற்படாமற் கலந்து, முன்னர் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் நன்று.

‘இயற்கையில் விளைந்தது எங்ஙனம் தீங்கு செய்யும்?’ என்பாரும் உளர். அவர் சிதம்பரத்திற்கு அணித்தாகிய பிச்சாவரத்து உவர்க்காட்டைச் சென்று காண்க. தில்லைக்குப் பெயர் தந்த தில்லை மரம் ஆண்டு வளர்கின்றது. அதன் பாலும் இயற்கையில் விளைந்ததே. கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

இன்னும் ஒன்று எண்ணற்பாலது. நெய்யை விரும்பின் வேரை அகழ்தல் வேண்டும்; வேரை அகழ்ந்தால் அது பிடித்திருந்த மண் நெகிழும். கருநாடகத்துக் குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர் நெடுங்காலமாக வெட்டிவேரை வயல்வரம்பில் நட்டு மண்ணைக் காத்து வந்தனர். 1980-களில் உலக வங்கியைச் சார்ந்த வல்லுநர் அப்பயனைப் பல நாட்டினர்க்கும் எடுத்துரைத்தனர். ஹெயிட்டியின் மலைச்சரிவுகளிலோ அதே வேரை எண்ணெய்க்காக அகழ்தலால் மண் அரிப்பு மிகுந்தது. ஒரே புல், நட்டு விட்டார்க்கு அரண்; சரிவிற் பறித்தார்க்கு இழப்பு. சமநிலமாகிய நம் கடலூர் மணலில் அவ்விடர் குறைவெனினும், அகழ்ந்த நிலத்தை வெறுமையாக விடாது உடனே மறுநடவு செய்தல் அறிவுடைமையாகும். ஒரு புட்டியின் விலையை மதிப்பிடுவார் அதன்பின் நிற்கும் நிலத்தையும் உழைப்பையும் உடன் எண்ணுக.

மாணவர் புட்டியை வைத்துவிட்டு வேர் முடிச்சு ஒன்றை மட்டும் வாங்கினார். மூன்று திங்கள் நீடித்த வலிக்கு மருத்துவரைக் காணுதலே முதற்கடமை என்று யாம் வற்புறுத்தினோம். கல்லூரி திறந்தபின் அவரே வந்து செய்தி கூறினார்: பாட்டியாரை மருத்துவர் ஆய்ந்து இரைப்பையிற் புண் இருத்தலைக் கண்டனர், முறையாக மருந்துண்டு இப்பொழுது தேறி வருகின்றார், காய்ச்சி ஆறிய நீர் நிறைந்த மண்பானையில் அவ்வேர் முடிச்சும் கிடக்கின்றது, “மணமாக இருக்கின்றது” என்று அதனையே விரும்பிப் பருகுகின்றார்.

மருந்து மருந்தின் இடத்திலும், மணம் மணத்தின் இடத்திலும் நின்றன. முன்னோர் தந்த பொருள்களை இகழாமலும், அவற்றின் பெயரால் விற்கப்படுவன அனைத்தையும் நம்பிவிடாமலும், எது எவ்வளவு பயன்படும் என்று ஆய்ந்து கொள்ளுதலே கற்றார்க்கு அழகு.