வணிகரின் மன உளைச்சலும் தொலைபேசி வழி ஆலோசனையும்

வரிச் சட்டம், எடை அளவு முத்திரை, உணவு உரிமம் எனப் பலவும் படித்து அறிந்திருக்கிறோம். இம்முறை, கடைக்குள்ளேயே இருந்தும் இருப்புக் கணக்கில் ஏறாத ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். அதுதான் கடைக்காரரின் மனம்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் மளிகை வியாபாரம் நடக்கும் விதம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள் சொர்ணவாரி, சம்பா, நவரை அறுவடையை நம்பி நோட்டில் எழுதி வாங்குகின்றன. நெல் விற்ற பணம் கைக்கு வந்தால்தான் பாக்கி தீரும். சரக்குப் போடும் மொத்த வியாபாரிக்கோ பருவம் கிடையாது. சொன்ன கிழமையில் பில் தொகை வேண்டும். இடையில் ஜி.எஸ்.டி. தாக்கல், சீட்டுத் தவணை, வட்டி. பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று கடைகள் சட்டம் 1947-லேயே சொல்லிவிட்டது. முதலாளிக்கு மே 5 வணிகர் தினத்தை விட்டால் மற்றதை விரல் விட்டு எண்ணலாம்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம், ஓயாத வேலை நெருக்கடியால் வரும் மனச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. தீராத அசதி, தொழிலின் மேல் வெறுப்பு, முன்போல் வேலை ஓடாமை. இதை அந்நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. தொழிலால் வரும் ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. நம் கடையில் இது எப்படித் தெரியும்? கடை கட்டிய பிறகும் பாக்கிக் கணக்கு தலைக்குள் ஓடும். சில்லறைக்காகப் பழைய வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவோம். சரக்குக்காரர் போன் அடித்தால் எடுக்க மாட்டோம். பேரேட்டைத் திறக்கவே கை வராது. இது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் யாரிடமாவது கேட்டுவிடுவது நல்லது.

கேட்பதில்தான் தடை. மனநல மருத்துவரிடம் போவதைக் கடைத்தெருவில் ஒருவர் பார்த்தால், மாலைக்குள் ஊரே அறிந்துவிடும். "அவருக்குக் கடன் கொடுக்கலாமா?" என்ற பேச்சு எழும். வியாபாரிக்கு நாணயமே முதல். அதற்கு அஞ்சி வாய் மூடி இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சத்துக்கு இன்று வழி பிறந்திருக்கிறது. போனில் பேசினால் எந்தத் தெருவிலும் நிற்க வேண்டியதில்லை.

இது புதுமையும் அல்ல. சென்னையில் 'சினேகா' அமைப்பு 1986-இல் தொடங்கி, மனம் உடைந்தோரின் பேச்சைத் தொலைபேசியில் கேட்டு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2010-இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள் அமர்ந்து, திரை வழியே சென்னை மருத்துவரிடம் பேசலாம். மருந்தும் அங்கேயே கிடைத்தது. பிறகு 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கு வழிகாட்டுகிறது. எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அழைப்பவர் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். எடுத்த எடுப்பில் கடன் தொகையைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. "தூக்கம் வரவில்லை, கடையில் உட்கார முடியவில்லை" என்று தொடங்கினால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நேரில் பார்க்க வழி சொல்வார். பேச ஏற்ற நேரம் மதிய மந்த நேரம். இடம் கல்லா அல்ல. கிடங்கோ மொட்டை மாடியோ ஏரிக்கரையோ நல்லது.

ஆலோசகர் நம் கடனை அடைக்க மாட்டார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. எந்தப் பாக்கியை முதலில் தீர்ப்பது, யாரிடம் தவணை கேட்பது என்ற கணக்கை நாம்தான் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் அளவுக்குத் தலை தெளிய அவர் உதவுவார். ஒரே அழைப்பில் தீராது. சில முறை பேச வேண்டிவரும்.

கட்டணம் வாங்கும் தனியார் ஆன்லைன் ஆலோசகர்களும் உண்டு. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவையும் கேளுங்கள். சரக்கின் மாதிரி பார்க்காமல் மூட்டை வாங்குவோமா? மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நம் மனநல விவரங்களை இரகசியமாக வைத்திருக்க நமக்கு உரிமை தருகிறது. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது முகவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மதியம் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே 14416-க்குப் பேசுங்கள். உடனடி ஆபத்தென்றால் 108. அவரைத் தனியே விடாமல் வீட்டார் யாராவது உடன் இருக்க வேண்டும். அவர் பேச மறுத்தால், அவர் சார்பில் மனைவியோ மகனோ அதே எண்ணில் பேசி யோசனை கேட்கலாம்.