சமன்பாடும் சமனிலியும்: பங்கீட்டு அட்டை புகட்டும் பாடம்

ஒருபடிச் சமன்பாட்டைத் தேர்வுக்குரிய கணக்காக மட்டுமே மாணவர் கருதுகின்றனர். அலுவலரோ அதனைப் பள்ளியோடு முடிந்துபோன ஒன்றாக எண்ணுகின்றனர். இரண்டும் பொருந்தா. அரசின் ஒதுக்கீட்டு விதிகள் பலவற்றினுள் ஒரு சமன்பாடோ சமனிலியோ உறைந்துள்ளது. உணவுப் பங்கீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

விதியும் சமன்பாடும்

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பயன் பெறுவோரை இரு வகையாகப் பிரித்தது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம். வறியவருள் வறியவரான அந்த்யோதயா குடும்பங்களுக்கோ, உறுப்பினர் எத்தனை பேராயினும், குடும்பத்திற்கு 35 கிலோ. அந்த்யோதயா திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது இவ்வளவு 25 கிலோவாக இருந்தது. 2002 ஏப்ரல் முதல் 35 கிலோவாக உயர்த்தப்பட்டது.

எத்தனை பேர் கொண்ட குடும்பத்திற்கு இரு விதிகளும் ஒரே அளவைத் தரும்? உறுப்பினர் எண்ணிக்கையை ய எனக் கொள்வோம்.

5ய = 35

சமன்பாடு ஒரு தராசு போன்றது. இரு தட்டுகளிலும் ஒரே மாற்றத்தைச் செய்தால் சமநிலை குலையாது. இருபுறமும் 5ஆல் வகுக்க, ய = 7. விடையைப் பொருத்திச் சரிபார்க்க: 5 × 7 = 35.

சமனிலி காட்டும் உண்மை

சமன்பாடு ஒரே ஓர் எண்ணைத் தந்து நின்றுவிடுகிறது. நிருவாகத்திற்கு வேண்டுவதோ, அவ்வெண்ணுக்கு அப்பால் நிகழ்வது யாது என்பதே. முன்னுரிமைக் குடும்பத்தின் அளவு மிகுவது எப்போது?

5ய > 35; எனவே, ய > 7.

ஆட்களின் எண்ணிக்கை முழு எண்ணாதலால், தீர்வுகள் 8, 9, 10 எனத் தொடரும். ஒன்பது பேர் கொண்ட முன்னுரிமைக் குடும்பம் 45 கிலோ பெறும். அதே அளவிலான அந்த்யோதயா குடும்பம் 35 கிலோவே பெறும். தலைக்கு 3.9 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மிக வறிய குடும்பம், அதனினும் சற்று மேலான நிலையிலுள்ள குடும்பத்தைவிட 10 கிலோ குறைவாகப் பெறுகிறது. மறுபுறம், தனித்து வாழும் ஆதரவற்ற மூதாட்டிக்கு 5 கிலோவுக்குப் பதிலாக 35 கிலோ கிடைக்கிறது. ஆகவே விதி முற்றிலும் பிழையன்று. ஏழு என்னும் எல்லைக்கு அப்பால் அதன் நோக்கம் தலைகீழாகிறது. 35, 5ய ஆகியவற்றுள் பெரியதை வழங்குவது இக்குறையை நீக்கும் என்பது என் கருத்து.

குறி மாறும் இடம்

ஒரு நியாயவிலைக் கடையில் 5,000 கிலோ தானியம் இருப்பதாகக் கொள்வோம். 40 அந்த்யோதயா அட்டைகளுக்கென 1,400 கிலோ கட்டாயம் எஞ்ச வேண்டும். முன்னுரிமைப் பிரிவில் எத்தனை பேருக்கு வழங்கலாம்?

5,000 − 5ய ≥ 1,400
−5ய ≥ −3,600
ய ≤ 720

எதிர் எண்ணால் வகுக்கும்போது குறி திரும்புவதைக் காண்க. 2 < 3 என்பது உண்மை. ஆனால் −2 > −3 அன்றோ? பயிற்சி வகுப்பொன்றில் இக்கணக்கைக் கொடுத்தபோது, பட்டதாரிகள் சிலர் ய ≥ 720 என்றே எழுதினர். தேர்வில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். கடையிலோ, 721ஆம் ஆளுக்கு வழங்கும் ஒவ்வொரு கிலோவும் ஓர் அந்த்யோதயா அட்டைக்குரிய பங்கிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

பயிற்சி

1. அந்த்யோதயா அளவு 25 கிலோவாகவே நீடித்திருப்பின், இரு விதிகளும் எந்த எண்ணிக்கையில் சமமாகும்? அதற்கு மேற்பட்ட குடும்பங்களின் நிலை யாது?

2. மேற்கூறிய கடையில் அந்த்யோதயா அட்டைகள் 60 ஆயின், ய-இன் உச்ச அளவைக் காண்க.

விடை கண்டபின், அவ்விடையால் பயன் பெறுவோர் யார், இழப்போர் யார் என்றும் ஒரு வரி எழுதுக. கணக்கு அப்போதே முற்றுப்பெறும்.